எலும்புக்கு இடம் பிடிப்பவர்கள்

"சார், கொஞ்சம் ஒதுங்குங்க" என்று என்னைத் தாண்டி ஓடினாள் அந்தப் பெண். கையில் நான்கு கண்ணாடிக் குழாய்கள். நான்கிலும் ஒரு நோயாளியிடம் அப்போதுதான் எடுத்த ரத்தம்.

செகந்திராபாத் மேற்கு மாரேட்பள்ளியில் ஒரு பல் மருத்துவமனையின் மாடி. மூலையில் மிக்ஸியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சுழல் இயந்திரம். எதிரெதிராகக் குழாய்களைச் செருகி மூடியைச் சாத்திய பிறகுதான் அவள் மூச்சு விட்டாள். "உடனே வெக்கணும் சார். லேட்டானா குழாய்லயே உறைஞ்சிடும், அப்புறம் குப்பைதான்." மூன்று குழாய் ரத்தம்தான் கிடைத்தது என்றால் நான்காவது பள்ளத்தில் ஒரு குழாய் தண்ணீர் வைப்பார்களாம். எடை சரியில்லாவிட்டால் இயந்திரம் மேசையோடு ஆடும்.

நிமிடத்துக்கு 2700 சுற்று, 12 நிமிடம். திறந்தபோது அடியில் சிவப்பு, மேலே வைக்கோல் நிறத் தண்ணீர், நடுவில் நுங்கு மாதிரி மஞ்சளாக ஒரு கட்டி. இடுக்கியால் அதைத் தூக்கி, சிவப்பு வாலைக் கத்தரித்து, துளையிட்ட தட்டில் வைத்து மூடியால் அமுக்கினாள். ஈரமான ஜவ்வுத்தாளாகத் தட்டையாகிவிட்டது. ரத்தத்தில் எந்த மருந்தும் சேர்க்காமல் இப்படி உறைகட்டி எடுக்கும் முறையை 2001-ல் பிரான்சில் ஷுக்ரூன் என்ற மருத்துவர் அறிமுகப்படுத்தினார். இன்று மாவட்டத் தலைநகர் கிளினிக்குகளில்கூட இந்தச் சுழல் இயந்திரம் இருக்கிறது. எலும்பை இது விறுவிறுவென்று வளர்த்துவிடும் என்று விளம்பரம் செய்கிறவர்களும் உண்டு. இந்த மருத்துவமனையின் டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லை. "புண் சீக்கிரம் ஆறும், வலி குறையும். எலும்புக்கு எவ்வளவு உதவுதுன்னு கேட்டா நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன்" என்றார். அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அந்தப் பதிலால்தான்.

கன்டோன்மென்ட் காலத்தில் மதராஸ் பட்டாளத்தோடு இங்கே வந்த குடும்பம் அவருடையது. சோமசுந்தரம் முதலியார் 1862-ல் தொடங்கிய மகபூப் கல்லூரியில் அப்பா படித்தாராம். டாக்டரம்மாவின் தமிழில் நடுநடுவே ஒரு தெலுங்கு 'அவுனு' விழும்.

நாற்காலியில் இருந்தவரும் தமிழர். லாலாகூடா ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப்பல்லை எடுத்து ஆறு வருஷம் ஆகிறது. அந்த இடத்தில் டைட்டானியம் திருகு வைத்து அதன்மேல் பல் கட்ட வேண்டும். ஸ்கேனில் தாடை முகடு 5 மில்லிமீட்டர்தான் அகலம். திருகே 4 மில்லிமீட்டர் தடிமன். சுற்றிலும் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டராவது எலும்பு இருந்தால்தான் நிலைக்கும். கணக்கு இடிக்கிறது.

பல் போன இடத்தில் எலும்பு தங்காது. வேலை இல்லாத இடத்தில் எதற்கு என்று உடம்பு கரைத்துக்கொள்கிறது. டென்மார்க்கில் 46 பேரைப் பின்தொடர்ந்து 2003-ல் வெளியான ஆய்வில், பல் எடுத்த ஒரு வருஷத்தில் முகட்டின் அகலம் பாதியாகிவிட்டது. அந்த இழப்பிலும் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்திலேயே. எனக்கும் இதே கதைதான். ஒன்பது வருஷத்துக்கு முன் வேறொரு ஊரில் பல்லைப் பிடுங்கியவர் பஞ்சை வைத்து, "ஐஸ்கிரீம் சாப்பிடுங்க" என்று அனுப்பிவிட்டார். இன்று அந்த இடம் கத்தி முனையாக இருக்கிறது. இந்தக் கிளினிக்கைத் தேடி வந்ததற்குக் காரணமும் அந்தக் கத்தி முனைதான்.

டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டும் என்பதே தற்செயலாகத் தெரியவந்த விஷயம். ஸ்வீடனில் 1952-ல் பிரோனமார்க் என்ற ஆய்வாளர், எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்க்க முயலின் காலில் டைட்டானியக் கூடு ஒன்றைப் பொருத்தினார். வேலை முடிந்து கழற்றப் போனால் கழலவில்லை. 1965-ல் முதன்முதலாகத் திருகு வைத்துக்கொண்ட யோஸ்தா லார்சன் 2006-ல் இறந்தபோதும் அந்தத் திருகுகள் வேலை செய்துகொண்டிருந்தன.

ஃபிட்டர் ஐயா வாய் திறக்கும் முன் ஒரு கேள்வி கேட்டார். "இது நம்ம மிதானி டைட்டானியமாம்மா?" கஞ்சன்பாகில் 1973-ல் தொடங்கிய அந்த அரசு உலோக ஆலையை இந்த ஊர்த் தொழிலாளிகள் உறவுக்காரர் மாதிரிதான் பேசுகிறார்கள். "இல்ல அங்கிள், இது கொரியா." அவர் முகம் கொஞ்சம் வாடியது.

ஈறைக் கீறி விலக்கியதும் எலும்பு தந்த நிறத்தில் தெரிந்தது. துளையிடும்போது உப்புத் தண்ணீர் விடாமல் பாய்கிறது. 47 டிகிரி சூடு ஒரு நிமிடம் நீடித்தால் போதும், எலும்பு செத்துவிடும். திருகு இறங்கி இறுகியது. ஆனால் கன்னத்துப் பக்கம் நான்கைந்து மரைகள் எலும்பை விட்டு வெளியே பளபளத்தன. அந்த மரைகளை மூடத்தான் இத்தனை ஏற்பாடு.

சின்னத் துருவி ஒன்றால் பக்கத்துத் தாடையிலிருந்து எலும்பைச் சுரண்டினார் டாக்டரம்மா. தேங்காய்ச் சில்லில் கடைசித் துருவலை எடுக்கும் சத்தம். சுருள் சுருளாக வந்ததை மஞ்சள் கட்டியோடு பிசைந்து மரைகள்மேல் அப்பினார். அதில் உயிரணு இருக்கிறது, ஆனால் சீக்கிரம் கரைந்துவிடும். அதனால் மேலே மெதுவாகக் கரையும் தூள் ஓர் அடுக்கு போட வேண்டும்.

எந்தத் தூள் என்பதில்தான் இந்த ஊரின் சங்கடம். உலகமெங்கும் பேர்பெற்ற சுவிட்சர்லாந்துத் தூள் மாட்டெலும்பிலிருந்து எடுப்பது. அதற்கு மேல் மூடும் சவ்வு பன்றியிலிருந்து. ஹைதராபாத்தில் இரண்டையும் கேட்காமல் வைத்துவிட முடியுமா? "முதல் நாளே சொல்லிடுவேன். சிலர் மாடு வேண்டாம்பாங்க, சிலர் பன்னி வேண்டாம்பாங்க, ஜெயின் குடும்பம்னா ரெண்டும் வேண்டாம். மருந்துதானே, பரவாயில்லேன்னு சொல்றவங்களும் எல்லா மதத்துலயும் உண்டு." மனித எலும்பும் கிடைக்கும். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1988 முதல் திசு வங்கி இருக்கிறது, தானமாக வந்த எலும்பைக் காமா கதிரில் சுத்தம் செய்து தருகிறார்கள். ஃபிட்டர் ஐயா சுத்த சைவம். அவருக்கு ஆய்வகத்தில் செய்த கால்சியம் பாஸ்பேட் தூள். சவ்வுக்குப் பதில் டெஃப்லான் தாள், நான்-ஸ்டிக் தவாவில் பூசுகிறார்களே, அதே சரக்கு. கேட்காமல் வைக்கும் இடங்களும் உண்டு என்று கேள்விப்பட்டேன். அது தப்பு. தாடைக்குள் போவது என்ன என்று தெரிந்துகொள்ள வாய்க்குச் சொந்தக்காரருக்கு உரிமை உண்டு.

தாள் எதற்கு? ஈறு வேகமாக வளரும், எலும்பு ஆமை. விட்டால் ஈறுச் சதை புகுந்து குழியை நிரப்பிவிடும், பிறகு எலும்புக்கு இடமே இருக்காது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டுவிட்டு, கூட்டத்தில் மெதுவாக ஏறி வரும் பாட்டிக்கு இடம் பிடிப்போமே, அந்தத் துண்டுதான் இந்தத் தாள். எலும்பை டாக்டர் வளர்ப்பதில்லை, தூளும் வளர்ப்பதில்லை. பாட்டி வந்து சேரும்வரை இடத்தைக் காப்பதோடு இவர்கள் வேலை முடிந்தது.

"தூள் போடுறது யாருக்கும் வந்துடும் சார். மூடுறதுதான் வேலை" என்றார். உள்ளே சரக்கு ஏறி மேடாகிவிட்டதால் ஈறு எட்டவில்லை. இழுத்துத் தைத்தால் நாலு நாளில் வாய் பிளக்கும், எச்சில் இறங்கும், எல்லாம் போச்சு. ஈறின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு உறை இருக்கிறது, அது நீளாது. கத்தி நுனியால் அதில் மட்டும் ஒரு கோடு போட்டார். உள்ளே துணி விட்டுத் தைத்த பிளவுஸைப் பிரித்துவிட்டது போல ஈறு நெகிழ்ந்து மறுகரையைத் தொட்டது, தாண்டியும் வந்தது. மொத்தம் முக்கால் மணி நேர வேலையில் தையலுக்கு மட்டும் இருபது நிமிடம். யாரும் பேசவில்லை. ஒவ்வொரு முடிச்சுக்கும் அந்தப் பெண் நூலைக் கத்தரித்தாள், எங்கே கத்தரிக்க வேண்டும் என்று ஒருமுறைகூட கேட்கவில்லை.

திருகின்மேல் உட்காரும் பல் ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் தயாராகிறது. சாயங்காலம் அங்கே போனேன். வாசலில் இரானி சாய்க் கடை, உள்ளே ஆறு பேர், ஒரு சூளை. மூத்த தொழிலாளி ஒருவர் விளக்கடியில் குனிந்து, வெள்ளை வெளேரென்ற புதுப் பல்லில் மெல்லிய தூரிகையால் பழுப்புப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். எதற்கு அழகான பல்லைக் கெடுக்கிறீர்கள் என்று கேட்டேன். "நல்கொண்டா பேஷன்ட். பக்கத்துப் பல்லெல்லாம் இப்படித்தான்" என்று போட்டோவைக் காட்டினார். அங்கே நிலத்தடி நீரில் பல்லைக் கறையாக்கும் ஃபுளோரைடு அதிகம். தண்ணீரிலிருந்து அதைப் படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுப் பிரிக்கும் முறைக்கே நல்கொண்டா முறை என்றுதான் பெயர். ஒரு புள்ளி வைப்பார், போட்டோவைப் பார்ப்பார், துடைத்துவிட்டு மறுபடி வைப்பார். கறை பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் பொய்ப்பல் என்று தெரிந்துவிடும்.

ஃபிட்டர் ஐயாவுக்கு இரண்டு வாரத்தில் தையல் பிரிப்பார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி திறந்து, தாளை எடுத்துவிட்டு, எலும்பு வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதுவரை அந்தப் பக்கம் மெல்லக் கூடாது.

பல் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாற்காலியில் சாய்வதற்கு முன்பே, இந்தக் குழியை என்ன செய்யப் போகிறீர்கள் என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.