மேடைச் சொல்லும் அடிக்குறிப்பும்

ஆய்வுக் கட்டுரையின் அடிக்குறிப்பு வெறும் அலங்காரமன்று. ஒருவர் உழைத்துக் கண்ட உண்மையை மற்றொருவர் எடுத்தாளும்போது செலுத்தும் கடன் அது. அவ்வுண்மையைச் சரிபார்க்க விரும்பும் வாசகருக்குக் காட்டப்படும் வழியும் அதுவே. நூலொன்றிலிருந்து எடுத்தாள்வோருக்கு இவ்விரண்டும் இலகுவிற் கைகூடும். ஆசிரியர் பெயர், நூற்பெயர், வெளியிட்ட இடம், ஆண்டு, பக்கம் ஆகியவற்றைக் குறித்தாற் போதும். ஆனால், மாநாட்டு மேடையொன்றில் இருபது நிமிடங்களில் வாசிக்கப்பெற்று, கைதட்டலோடு கலைந்துபோன கட்டுரையொன்றை எடுத்தாள வேண்டி வரும்போது கலைப்பீடத்து மாணவர் பலர் இடர்ப்படுகின்றனர். சிலர் அதனை அச்சிட்ட நூல்போலக் காட்டிவிடுகின்றனர். வேறு சிலர் மூலத்தைச் சொல்லாமலே விட்டுவிடுகின்றனர். முன்னது வாசகரை ஏமாற்றுகிறது. பின்னது பேசியவரை வஞ்சிக்கிறது.

மாநாட்டுக் கட்டுரை என்று பொதுவாக வழங்கப்படுவது உண்மையில் ஒரே பொருளன்று. மாநாட்டுக்கு முன்னர் அனுப்பப்படும் ஆய்வுச் சுருக்கம் ஒன்று; மேடையில் வாசிக்கப்படுவது மற்றொன்று; பின்னர் திருத்தப்பெற்று மாநாட்டுத் தொகுதியில் அச்சேறுவது இன்னொன்று. சுருக்கம் எழுதப்படும் வேளையில் ஆய்வு முற்றுப்பெறாமலும் இருக்கலாம். ஆதலின் அது வாக்குறுதியேயன்றி முடிபன்று. அவையில் எழுந்த மறுப்புகளைக் கேட்டபின் அச்சுப் படியில் தம் முடிபையே மாற்றிக்கொள்வோரும் உளர். எனவே, எந்த நிலையிலிருந்த சொல் எடுத்தாளப்படுகிறது என்பதை உணர்த்துதல் ஆய்வாளரின் முதற் கடமையாகும்.

இவ்விடத்து ஆண்டு பற்றிய சிக்கல் எழுகிறது. சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகியன ஒரு பொது மூலத்திலிருந்து கிளைத்தவையாகலாம் என்னும் கருத்தை வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் முன் 1786 பெப்ரவரி 2ஆம் திகதி நிகழ்த்திய உரையில் வெளியிட்டார். அவ்வுரை அச்சானது 1788இலேயே. மொழியியல் வரலாறு நினைவுகூர்வது 1786ஐ. உரையைத் தேடி எடுக்க உதவுவது 1788. இரண்டிலொன்றை விட்டாலும் குறிப்பு குறைபடும்.

தமிழியலிலும் இதுவே நிலை. தனிநாயகம் அடிகளார் முன்னின்று உழைக்க 1964இல் புதுதில்லியில் தோன்றிய உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தன் முதல் மாநாட்டை 1966இல் கோலாலம்பூரில் நடத்தியது. அதன் கட்டுரைத் தொகுதிகள் 1968இலும் 1969இலும் வெளிவந்தன. 1970இல் பாரிஸில் நடந்த மூன்றாம் மாநாட்டின் தொகுதி 1973இல் புதுச்சேரியிலிருந்து வந்தது. 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற நான்காம் மாநாடு அதன் இறுதி நாளின் உயிரிழப்புகளாலேயே பெரிதும் நினைக்கப்படுகிறது. அங்கு வாசிக்கப்பட்ட கட்டுரைகள் தொகுதியாக அச்சில் வந்தது 1980இல். அத்தொகுதியிலுள்ள கட்டுரையொன்றுக்கு 1980 என்று மட்டும் குறித்தால், 1974இல் அவையறியச் சொல்லப்பட்ட கருத்து ஆறாண்டு பிந்தியதாகிவிடும். இடையில் 1977இல் அதனையே வேறொருவர் அச்சிட்டிருப்பின் முதன்மை அவருக்குப் போய்விடும். 1974 என்று மட்டும் குறித்தாலோ, வாசகர் அவ்வாண்டில் வெளிவராத நூலைத் தேடி அலைவார்.

சொன்னவர் பின்னர் தம் கருத்தைத் திருத்திக்கொள்வதும் உண்டு. ஐராவதம் மகாதேவன் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளின் தொகுப்பை 1966இல் ஒரு கருத்தரங்கில் முன்வைத்தார், இரா. நாகசாமி பதிப்பித்த கருத்தரங்குத் தொகுதியில் அது 1968இல் வெளிவந்தது. அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. குகைத் தளங்களுக்கு மீண்டும் சென்று எழுத்துகளை ஆராய்ந்து, முன்னைய வாசிப்புகள் பலவற்றைத் திருத்தி, 2003இல் தம் பெருநூலை வெளியிட்டார். கருத்தரங்கில் முன்வைத்த வாசிப்பை எடுத்துக்காட்டி, அதுவே அவருடைய இறுதி முடிபென்று எழுதுபவர் அவருக்கு நீதி செய்தவராகார்.

குறிக்கும் முறை கடினமன்று. அச்சேறாத கட்டுரையாயின் பேசியவர் பெயர், தலைப்பு, வாசிக்கப்பட்ட கட்டுரை என்னும் விளக்கம், மாநாட்டின் பெயர், இடம், நாள் ஆகியன வேண்டும். அச்சேறியதாயின் பதிப்பாசிரியர், தொகுதியின் பெயர், வெளியீட்டு விபரம், பக்கம் ஆகியன சேரும். ஒளிப்பதிவைப் பார்த்து எழுதுபவர் பதிவின் எந்த நிமிடம் என்பதையும் சுட்டலாம். கையிலிருப்பது கேட்டவர் எழுதிய குறிப்பு மட்டுமாயின், அதை வெளிப்படையாகச் சொல்லுதல் வேண்டும். குறிப்பேட்டு வாசகத்தை மேற்கோட் குறிக்குள் அடைத்துப் பேசியவரின் நேர்ச்சொல் ஆக்குதல் தகாது.

இவையெல்லாம் வெறும் விதிகளாகத் தோன்றலாம். ஆயின், ஓய்வுபெற்ற பாடசாலை ஆசிரியர் ஒருவரை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர் தம் ஊர்ப் பெண்கள் நாற்று நடுகையிற் பாடும் பாடல்களைப் பல்லாண்டு காலம் கேட்டுச் சேர்த்தவர். பட்டமும் பதவியும் இல்லாதவர். கருத்தரங்கொன்றில் ஒருமுறை பேச இடம் கிடைக்கிறது, பேசுகிறார், அப்பேச்சு அச்சேறவில்லை. பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்த இறுதியாண்டு மாணவி ஒருத்திக்கு அப்பாடல்களே ஆய்வேட்டின் ஓர் இயலுக்கு உயிர்நாடி ஆகின்றன. அவள் முன் இரு வழிகள் உள. களஆய்வில் திரட்டியவை என்று பொதுப்பட எழுதிவிட்டால் கேட்பார் எவருமில்லை. பரீட்சகர் ஒருவேளை பாராட்டவுங்கூடும். அவ்வாறன்றி, ஆசிரியருக்குக் கடிதம் எழுதி இசைவு பெற்று, தான் விளங்கிக்கொண்டது சரிதானா என்று கேட்டு, அவர் பெயரையும் பேசிய இடத்தையும் நாளையும் குறிக்கலாம். முதல் வழியில் ஒரு மனிதரின் பல்லாண்டு உழைப்பு பெயரற்றுப் போகிறது. இரண்டாவது வழியில் அவள் ஆய்வேட்டின் ஓர் அடிக்குறிப்பே அவ்வுழைப்புக்கு நூலகத்தில் எஞ்சும் சான்றாகிறது.

புகழ்பெற்ற பேராசிரியரின் பேச்சு எவ்வாறேனும் அச்சேறும். அதை எடுத்தாள்வோர் பெயர் சொல்லத் தவறினாலும் காலம் சொல்லிவிடும். பெயரறியப்படாதவரின் பேச்சுக்கு அக்காப்பு இல்லை. அதனாலேயே மாநாட்டுச் சொல்லை எடுத்தாளும் மாணவரின் நேர்மை நூலை எடுத்தாளும்போது வேண்டப்படுவதிலும் கூடுதலாக வேண்டப்படுகிறது. மூன்று வரிக் குறிப்பொன்றை முறையாக எழுதுவதற்கு ஒரு கடிதமும் சில நாட் காத்திருப்பும் தேவைப்படுமாயின், அவை ஆய்வுக்குப் புறம்பானவையல்ல, ஆய்வின் பகுதியே.