புகையிரதம் என்னுஞ் சொல்

மட்டக்களப்புக்கு இருப்புப்பாதை வந்தது 1928ஆம் ஆண்டிலே. யான் பள்ளியிற் பயின்ற காலமோ, போரினால் வண்டி வாராதொழிந்த காலம். ‘புகையிரதம்’ என்று எழுதக் கற்றேன். புகையையுங் கண்டிலேன், இரதத்தையுங் கண்டிலேன். துருவேறிய தண்டவாளத்தருகே ஆடு மேய்ந்ததையே கண்டேன்.

இலங்கைப் புகையிரத சேவையின் 150ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 2014இற் கடுகண்ணாவையில் நூதனசாலையொன்று திறக்கப்பட்டது. பின்னொருநாள் மாணவருடன் ஆங்குச் சென்றேன். பழைய நீராவி யந்திரத்தின் முன்னே ஒரு மாணவன் கேட்டான்:

“சேர், இப்போது வண்டியிற் புகையில்லையே, இன்னும் ஏன் புகையிரதம் என்கிறோம்?”

சிறிது நேரம் எனக்கு நாவெழவில்லை. பின்னர்க் கூறினேன்:

“தம்பி, வண்டியே வாராத நாளிலும் எம் ஆசிரியர் அச்சொல்லைக் கற்பித்தார். சொல் காத்திருந்தது, வண்டி மீண்டு வந்தது.”

அவன் அவ்யந்திரத்தை மெல்லத் தொட்டுப் பார்த்தான். யானும் தொட்டேன்.