எந்த ரீல் ஏற்றது?

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலிருந்து கடலுக்குள் ஏறத்தாழ 250 மீட்டர் நீண்டிருக்கிறது பிடோக் படகுத்துறை. வார இறுதி மாலைகளில் அதன் ஓரங்களில் தூண்டில்கள் வரிசையாகச் சாய்ந்து நிற்கும். தேக்கா சந்தையில் பனிக்கட்டியின்மேல் பார்த்துப் பழகிய பாறை, சீலா போன்ற மீன்கள் இங்கே துள்ளிக்கொண்டு மேலே வரும். அதைப் பார்க்கும் இளையர் சிலருக்குத் தாமும் தூண்டில் போட வேண்டும் என்ற ஆசை பிறக்கிறது. ஆனால், கடைக்குப் போனதும் அவர்கள் திகைத்து நின்றுவிடுகின்றனர். காரணம், தூண்டிற்கோலில் பொருத்தப்படும் ரீல். கண்ணாடிப் பேழைக்குள் பல வடிவங்கள், பல அளவுகள், பல விலைகள்! மாதக்கணக்கில் சேமித்த பணமோ ஒன்றை வாங்கத்தான் போதும். எதை வாங்குவது?

ரீலின் வேலை எளியது. நீண்ட நரம்பைச் சுற்றி வைத்திருக்க வேண்டும். தூண்டிலை வீசும்போது அதை விட வேண்டும். மீன் சிக்கியதும் இழுத்துச் சுற்ற வேண்டும். இக்கருவி மிகப் பழையது. சீன ஓவியர் மா யுவான் 1195ஆம் ஆண்டளவில் தீட்டிய ஓவியம் ஒன்றில், படகில் தனியே அமர்ந்து தூண்டில் போடுபவரின் கோலில் சிறிய ரீல் காணப்படுகிறது. அன்று தொடங்கிய அந்தக் கருவி இன்று பல வகைகளாகப் பெருகியிருக்கிறது. அவற்றுள் இரண்டு வகைகளே பெரும்பாலோரைக் குழப்புகின்றன.

முதலாவது, ஸ்பின்னிங் ரீல். நரம்பு சுற்றப்பட்ட உருளை, வீசும்போது சுழல்வதில்லை. நரம்பு அதன் முனை வழியாக வளையம் வளையமாக உருவிக்கொண்டு செல்லும். இங்கிலாந்தில் துணித் தொழிலில் ஈடுபட்டிருந்த ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் 1905இல் இத்தகைய ரீலுக்குக் காப்புரிமை பெற்றார். ஆலையில் நூற்கண்டிலிருந்து நூல் உருவி வரும் முறையே அவருக்கு வழிகாட்டியது என்பர். இதில் சிக்கல் விழுவது குறைவு. எடை குறைந்த செயற்கை இரையையும் எளிதாக வீசலாம்.

இரண்டாவது, பெய்ட்காஸ்டிங் ரீல். இதில் உருளையே சுழன்று நரம்பை விடும். கைதேர்ந்தவர்கள் இதைக்கொண்டு, நினைத்த இடத்தில் இரையை விழச் செய்வார்கள். தடித்த நரம்பையும் கனமான இரையையும் இது நன்றாகக் கையாளும். ஆனால், இரையின் வேகம் குறைந்த பிறகும் உருளை சுழன்றுகொண்டிருந்தால், நரம்பு குருவிக்கூடு போலச் சிக்கிக்கொள்ளும். அதைத் தடுக்க, உருளையைக் கட்டைவிரலால் சரியான நேரத்தில் மெல்ல அழுத்த வேண்டும். அந்தப் பக்குவம் ஒரே நாளில் வந்துவிடாது.

இவற்றுள் எது நல்லது என்று அனுபவசாலி ஒருவரிடம் கேட்டால், “எங்கே வீசப் போகிறாய் தம்பி? என்ன மீனுக்கு?” என்று அவர் திருப்பிக் கேட்பார். கேள்வி சிறியதுதான். ஆனால், அதற்குப் பதில் தெரிந்தால்தான் தேர்வு செய்ய முடியும்.

சிங்கப்பூரின் நீர்த்தேக்கங்களில், அனுமதிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே தூண்டில் போடலாம். செயற்கை இரையை மட்டுமே பயன்படுத்தலாம். அங்கே ஒருவர் மணிக்கணக்கில் வீசுவதும் சுற்றுவதுமாக இருப்பார். அதற்குக் கையை வலிக்கச் செய்யாத சிறிய ரீல் போதும். நீர்ச்செடிகளுக்கிடையே பதுங்கும் பெரிய தோமான் மீனைக் குறிவைக்கும் அனுபவசாலிக்குத் தடித்த நரம்பைத் தாங்கும் பெய்ட்காஸ்டிங் ரீல் கைகொடுக்கும். படகுத்துறையிலோ நிலைமை வேறு. கடலில் மீனின் இழுப்பும் நீரோட்டமும் வலுவாக இருக்கலாம். ஆகவே, கூடுதல் நரம்பு கொள்ளும் பெரிய ரீல் தேவை. உப்புநீர் உலோகத்தை அரிப்பதால், வீடு திரும்பியதும் ரீலை நன்னீரால் மெதுவாக அலசி உலர்த்தவும் வேண்டும். இதைச் செய்யாவிட்டால் விலையுயர்ந்த ரீலும் விரைவில் பழுதாகிவிடும்.

எந்த வகையை வாங்கினாலும் கவனிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. அதை ‘டிராக்’ என்பர். மீன் வேகமாக இழுக்கும்போது நரம்பு அறுந்துவிடாமல், சிறிது சிறிதாக விட்டுக்கொடுக்கும் அமைப்பு அது. நரம்பு 4 கிலோகிராம் இழுப்பில் அறுந்துவிடும் என்றால், டிராக்கை ஏறத்தாழ 1 கிலோகிராம் இழுப்புக்கு வழிவிடும்படி அமைப்பது வழக்கம். அளவுக்கு மீறி இறுக்கினால் நரம்பு அறுந்து, வாயில் குத்திய கொக்கியுடன் மீன் தப்பிச் செல்லும். சீராக இயங்கும் டிராக், கைக்கு மட்டுமன்று, மீனுக்கும் நல்லது.

தொடக்கத்திலேயே தோழர்கள் வைத்திருப்பதைப் பார்த்துக் கடினமான ரீலை வாங்கும் இளையர், வீசும் நேரத்தைவிடச் சிக்கெடுக்கும் நேரத்தையே அதிகம் செலவிட நேரிடும். சிலர் அத்துடன் தூண்டிலை மூலையில் வைத்துவிடுவதும் உண்டு. பொறுமையிழந்து அறுத்து வீசும் நரம்போ எளிதில் மட்குவதில்லை. பறவையின் காலிலோ ஆமையின் கழுத்திலோ அது சுற்றிக்கொண்டால் அந்த உயிருக்கே ஆபத்து. சிக்கிய நரம்பைப் பையில் போட்டு எடுத்துச் சென்று குப்பைத்தொட்டியில் சேர்ப்பது தூண்டில் போடுபவரின் கடமை.

ஆகவே, முதல் ரீலை வாங்குபவருக்கு நடுத்தர அளவுள்ள ஒரு ஸ்பின்னிங் ரீலே பொருத்தமானது. அது தொடக்கநிலையினருக்கு மட்டும் உரியது என்று தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களும் அதையே விரும்பிப் பயன்படுத்துகின்றனர். வாங்குவதற்கு முன், கைப்பிடியை நாலைந்து முறை சுற்றிப் பார்த்து, டிராக் திருகைச் சற்றுத் தளர்த்தி நரம்பை இழுத்துப் பார்த்தால், அது தம் கைக்கு ஏற்றதா என்பது ஓரளவு புரிந்துவிடும். பெயரும் விலையும் அதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை.