தம்மம்பட்டியின் தூங்குவாகை

சேலம் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே கிடக்கும் சமவெளியில் இருக்கிறது தம்மம்பட்டி. மரச்சிற்பத்துக்காகப் புவிசார் குறியீடு பெற்ற ஊர். இங்குள்ள சிற்பிகள் பெரிதும் நம்பியிருப்பது தூங்குவாகை மரத்தை. வாகை, மாவிலங்கை, தேக்கு ஆகியவையும் பட்டறைக்கு வருகின்றன.

மாலையிலும் மழைக்கு முன்பும் இலைகளை மூடிக்கொள்ளும் தூங்குமூஞ்சி மரம்தான் தூங்குவாகை. தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்து, நிழலுக்காகச் சாலையோரங்களில் நடப்பட்டது. வேகமாகப் பருக்கும், முதிர்ந்த மரத்தின் அடி ஒரு மீட்டர் விட்டத்தையும் தாண்டும். அகன்ற தசாவதாரப் பலகையையும் ஆளுயர உருவத்தையும் ஒட்டுப்போடாமல் ஒரே கட்டையில் எடுக்க முடிவது இந்தப் பருமனால்தான். சாலையை அகலப்படுத்தும்போது வெட்டி ஏலம் விடப்படும் மரங்கள் பட்டறைக்கு வந்து சேராவிட்டால் பல விறகாகவே எரிந்துபோகலாம்.

அறுத்த கட்டையில் இரண்டு நிறங்கள் தெளிவாகத் தெரிகின்றன. வெளிப்பகுதி வெளிர்மஞ்சள், உள்ளே இருக்கும் வைரம் கரும்பழுப்பு. உலர்ந்த மரம் கன மீட்டருக்குச் சுமார் 600 கிலோ இருக்கும். தேக்கு ஏறக்குறைய 650 கிலோ. எடையில் பெரிய வேறுபாடு இல்லாவிட்டாலும் சுருக்கத்தில் உண்டு. பச்சை மரம் முழுதும் உலரும்போது, வளையங்களின் போக்கில் தேக்கு 5 விழுக்காட்டுக்குச் சற்று மேல் சுருங்குகிறது, தூங்குவாகை 3.5 விழுக்காட்டுக்குள் நின்றுவிடுகிறது. சுருக்கம் குறைந்தால் வெடிப்பும் குறையும். அதனால் ஈரம் முழுதும் வற்றாத கட்டையிலும் உளி வைக்க முடிகிறது; ஈரமரத்தில் உளி எளிதாகவும் இறங்குகிறது. ஹவாய்த் தீவுகளில் இதே மரத்தைப் பச்சையாகவே கடைந்து கிண்ணம் செய்வதும் இந்தக் குணத்தை நம்பித்தான்.

இதோடு ஒப்பிட, வட அமெரிக்கச் சிற்பிகள் விரும்பும் பட்டர்நட்டைச் சொல்லலாம்; அது அக்ரூட் இனத்து மரம். கன மீட்டருக்குச் சுமார் 435 கிலோதான்; உளிக்கு இன்னும் எளிதாக இணங்கும். ஆனால் 1967இல் விஸ்கான்சினில் முதலில் அறியப்பட்ட பூஞ்சை நோய் பட்டர்நட் மரங்களையே அரித்துவருகிறது. சிற்பத்துக்கு ஏற்ற மரம் எளிதில் கிடைப்பது எவ்வளவு பெரிய பேறு என்பதை அந்த இழப்பு உணர்த்துகிறது.

வேலை அளவிலிருந்து தொடங்குகிறது. சிற்ப நூல்களில் தாலம் எனப்படும் முக அளவுக் கணக்குப்படி முகம், மார்பு, இடை, கால் ஆகியவற்றுக்குக் கோடிட்டுக்கொள்கிறார்கள். வாச்சியால் செதுக்கிப் புறவடிவம் எடுத்தபின், கொட்டாப்புளியால் உளியைத் தட்டித் தட்டி ஆழம் கொடுக்கிறார்கள். அகன்ற உளியில் தொடங்கும் வேலை, நகைக்கும் விரலுக்கும் வரும்போது நுண்ணிய உளிக்கு மாறுகிறது. தூங்குவாகையின் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. ஒரே திசையில் உளியை ஓட்டினால் மரம் பிய்ந்து வரும். நாரின் போக்கு மாறும் இடமெல்லாம் கட்டையைத் திருப்பி வைத்து, எதிர்ப்பக்கமிருந்து வெட்டுகிறார்கள். இந்த மரத்தில் கைத்தேர்ச்சி வெளிப்படும் இடம் இதுதான். முடிவில் உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷ் பூசும்போது வைரத்தின் கருமை ஆழ்ந்து தெரிகிறது.

எல்லா வேலைக்கும் இது ஏற்றதல்ல. இழை பருமனானது என்பதால் விரலளவு உருவத்தில் நுணுக்கம் நிற்காது. வெளிப்பகுதியைப் பூச்சி துளைத்து மாவாக்கிவிடும். நல்ல பட்டறைகள் அதைச் செதுக்கி நீக்கிவிட்டு வைரத்தை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. வெயிலும் மழையும் படும் கதவுக்கும் தேருக்கும் தேக்கு தகும். கூரைக்குக் கீழ் நிற்கும் சிலை, திருவாசி, சுவர்ப் பலகை ஆகியவற்றுக்குத் தூங்குவாகை போதும். வாங்குபவர்கள் கேட்டறிய வேண்டியவை இரண்டு: வெளிப்பகுதி நீக்கப்பட்டதா, மரம் உலர்ந்ததா. இவ்விரண்டும் சரியாக இருந்து, ஈரச்சுவரிலிருந்து தள்ளி வைத்தால் சிற்பம் தலைமுறைகளுக்கு நிலைக்கும்.