நடு மாட்டுக்கா, லாரிக்கா?

மாசி மாதத்தில் தஞ்சாவூரிலிருந்து வடுவூர் வழியாக மன்னார்குடிக்குப் போய்ப் பாருங்கள். சம்பா அறுத்த வயல்களில் உருளை உருளையாக வைக்கோல் கட்டுகள் கிடக்கும். டிராக்டருக்குப் பின்னால் கட்டு கட்டும் மெஷின் ஓடும். ரோட்டோரம் லாரி காத்திருக்கும். அது போகிற இடம் பக்கத்து ஊர் இல்லை. நாமக்கல், திண்டுக்கல், திருப்பூர், ஏன், கேரளா வரைக்கும் போகும்.

‘அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு’ என்பார்கள். அடித்தாள் மண்ணுக்கு உரம், வைக்கோல் மாட்டுக்கு, நெல் வீட்டுக்கு. அந்த ‘நடு’தான் இன்று டெல்டாவில் தனி வியாபாரம்.

இதற்கு மார்க்கெட் கட்டடம் கிடையாது. வயலிலேயே பேரம். ஏக்கருக்கு இவ்வளவு, இல்லை கட்டுக்கு இவ்வளவு என்று பேசி வியாபாரி எடுத்துக்கொள்வார். கட்டும் கூலி, ஏற்றுகூலி, லாரி வாடகை எல்லாம் அதன்மேல் ஏறும். வைக்கோலுக்கு எடை குறைவு, அடைக்கிற இடம் அதிகம். அதனால் தூரம் கூடக் கூட விலையும் கூடும். இத்தனை தொலைவு போவதே, மெஷின் அதை இறுக்கிக் கட்டுவதால்தான்.

கொங்குப் பக்கம் மாட்டுக்குச் சோளத்தட்டும் மேய்ச்சல் புல்லும் உண்டு. மழை பொய்த்தால் இரண்டும் போச்சு. உடனே டெல்டா வைக்கோலுக்குக் கிராக்கி. கேரளத்திலோ நெல் வயல்கள் குறைந்துவிட்டன. அங்கே மாடு வளர்ப்பவர்களுக்குத் தமிழ்நாட்டு வைக்கோல் வேண்டும்.

இங்கேயும் விலையை ஆட்டிவைப்பது மழைதான். குறுவை அறுப்பு பெரும்பாலும் புரட்டாசி, ஐப்பசியில் வரும். நனைந்த வைக்கோல் கறுத்துப் பூசணம் பிடிக்கும். மாடு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். விவரமானவர்கள் கட்டுக்குள் கையை விட்டுப் பார்ப்பார்கள். உள்ளே சூடாக இருந்தால் ஈரத்தோடு கட்டியது என்று அர்த்தம். நன்றாகக் காய்ந்த சம்பா வைக்கோலுக்குத்தான் மவுசு. அறுவடை நேரத்தில் மலிவாகக் கிடைப்பது, சித்திரை வைகாசி வெயிலில் விலை ஏறும். போர் போட்டு வைத்திருக்க இடமும் பொறுமையும் உள்ளவருக்கு அதில் லாபம். கடனை அடைக்க அவசரப்படும் சிறு விவசாயிக்கு அது வாய்க்காது.

இன்னொருவருக்கும் வாய்க்காது. கை அறுப்பு இருந்த காலத்தில், நிலமில்லாதவர்கள் அறுப்புக்குப் போனால் கூலியோடு ஒரு சுமை வைக்கோலும் வீட்டுக்கு வரும். வாசலில் கட்டியிருக்கும் ஒற்றைப் பசுவுக்கு அது போதும். அறுவடை மெஷின் வந்தபிறகு அந்த வேலையும் குறைந்தது, சுமையும் நின்றது. இப்போது நெல் விளைகிற ஊரிலேயே, லாரிக்காரர் தரும் விலையைக் கொடுத்து வைக்கோல் வாங்க வேண்டியிருக்கிறது.

விற்பதில் தப்பில்லை. வைக்கோல் காசு அடுத்த உழவுக்கு ஆகும். ஆனால், லாரிக்கு ஏற்றுவதற்கு முன் உள்ளூர் மாட்டுக்கென்று பத்துக் கட்டு ஒதுக்கி, கட்டுக்கூலிக்கே கொடுக்கலாம். அந்தப் பசுவின் பால்தானே காலையில் நம் வீட்டுக் காபிக்கும் வருகிறது!