பாதி வருஷம் அவன், பாதி வருஷம் அவள்



இந்த மாதச் சுவர் இதழுக்கு 'உலகத் தெய்வங்கள்' என்று தலைப்புக் கொடுத்ததும் ஜீயஸை ஒருத்தர் எடுத்துக்கொண்டார், தோரை மூணு பேர் (சினிமா பார்த்த புண்ணியம்!), எகிப்தின் அனுபிசை ஒருத்தர். நான் எடுத்தது உங்களில் பலர் கேள்விப்படாத ஒரு பெண் தெய்வத்தை. பெயர் கெஷ்டினன்னா. 'வானத்துத் திராட்சைக்கொடி' என்று பொருள். சுமேரியர்களின் தெய்வம். இன்றைய ஈராக்கின் தெற்குப் பகுதியில் வாழ்ந்து, களிமண் பலகையில் ஆப்பு வடிவ எழுத்தில் எழுதினார்களே, அவர்கள்தான்.

இவள் கதைக்கு வரணும்னா முதலில் இனன்னாவைச் சொல்லணும். உருக் நகரத்துப் பெரிய தெய்வம். காதலுக்கும் அவள்தான், போருக்கும் அவள்தான். வெள்ளிக் கோள் அவளுடையது. அவள் ஒருநாள் பாதாளத்துக்குக் கிளம்புகிறாள். அங்கே ராணி அவளுடைய அக்கா எரெஷ்கிகல். போகும் வழியில் ஏழு வாசல். ஒவ்வொரு வாசலிலும் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தால்தான் உள்ளே விடுவார்கள். கிரீடம், மணிமாலை, மோதிரம், கடைசியில் கட்டியிருந்த உடையும் போகிறது. ஒன்றுமில்லாமல் உள்ளே போனவளைப் பிணமாக்கி ஒரு கொக்கியில் மாட்டிவிடுகிறார்கள்.

மூன்று பகல் மூன்று இரவு கழிந்தும் அவள் வரவில்லை. பணிப்பெண் நின்ஷுபுர் ஒவ்வொரு தெய்வமாகப் போய்க் கெஞ்சுகிறாள். என்கி மட்டும் மனமிரங்கி, தன் நக அழுக்கிலிருந்து இரண்டு உருவங்களைச் செய்து அனுப்புகிறார். அவை போய்ச் சண்டை போடவில்லை. எரெஷ்கிகல் அப்போது வலியில் முனகிக்கொண்டிருக்கிறாள். இரண்டும் பக்கத்தில் நின்று, அவள் முனகினால் தாங்களும் முனகுகின்றன. அவ்வளவுதான்! பாதாள ராணி இளகி, என்ன வேணும் கேள் என்கிறாள். இனன்னாவின் உடலைக் கேட்டு வாங்கி உயிர் கொடுத்துவிடுகிறார்கள்.

ஆனால் பாதாளத்தில் ஒரு கணக்கு உண்டு. ஒருத்தர் வெளியே போனால் இன்னொருத்தர் உள்ளே வரணும். கல்லா என்ற பூதங்கள் கூடவே வருகின்றன. தனக்காக அழுது புழுதியில் கிடந்த நின்ஷுபுரை இனன்னா விட்டுக்கொடுக்கவில்லை. தன் வீட்டுக்காரன் துமுசி மட்டும் நல்ல துணி உடுத்திச் சிம்மாசனத்தில் ஜம்முனு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறாள். "இவனைக் கொண்டு போங்க" என்று காட்டிவிடுகிறாள்.

இந்தத் துமுசியின் உடன்பிறந்தவள்தான் கெஷ்டினன்னா. (நான் அக்கா என்றே வைத்துக்கொள்கிறேன்.) எழுதத் தெரிந்தவள், பாட்டு அறிந்தவள், கனவுக்குப் பொருள் சொல்பவள். துமுசி ஓடி ஒளிகிறான். பூதங்கள் வந்து, இடத்தைக் காட்டினால் ஆற்றுத் தண்ணீர் தருகிறோம், தானிய வயல் தருகிறோம் என்று அவளிடம் ஆசை காட்டுகின்றன. அவள் வாங்கவில்லை. அதையே அவனுடைய நண்பனிடம் நீட்டினார்கள். நண்பன் வாங்கிக்கொண்டான்! கடைசியில் துமுசி பிடிபடுகிறான். அப்புறம் தீர்ப்பு வருகிறது: பாதாளத்தில் பாதி வருஷம் அவன், பாதி வருஷம் அவள்.

இது கோடையையும் விளைச்சலையும் விளக்கச் சொன்ன கதை என்று அறிஞர்கள் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் பருவத்தை விளக்க ஒரு ஆள் போய்வந்தால் போதுமே? கிரேக்கத்தில் பெர்செபோனி தனியாகத்தான் போகிறாள், வருகிறாள். அவள் இடத்தில் யாரும் போய் இருப்பதில்லை. சுமேரியர்கள் மட்டும் ஏன் இன்னொருத்தியைச் சேர்த்தார்கள்? எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். வீட்டில் ஒருத்தருக்கு முடியலைன்னா என்ன நடக்கும் என்று தெரிந்த ஒருத்தர்தான் இந்தக் கதையைக் கட்டியிருக்கணும்.

எங்க அப்பாவுக்கு வாரம் ரெண்டு நாள் டயாலிசிஸ். செவ்வாய், வெள்ளி. ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். கூட ஒரு ஆள் இருக்கணும். அம்மா கூலி வேலைக்குப் போகிறார். அக்கா ஜவுளிக்கடையில் வேலை. போன வருஷம் முழுக்க ரெண்டு நாளும் அவளே போனாள், சம்பளத்தில் பிடித்தார்கள். அப்புறம் ஒருநாள் ராத்திரி சொன்னாள்: "ரெண்டு நாளும் நானே போனா என் வேலை போயிரும். ரெண்டு நாளும் நீயே போனா உன் படிப்பு போயிரும். செவ்வா எனக்கு, வெள்ளி உனக்கு."

அவளிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. அப்பாவின் எடை முன்னே எவ்வளவு, பின்னே எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, எத்தனை லிட்டர் தண்ணி எடுத்தாங்க, எல்லாம் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை பக்கங்கள் என் கையெழுத்து. "கோழி கிளறின மாதிரி இருக்குடா" என்பாள். கெஷ்டினன்னாவைப் பாதாளத்தின் கணக்கெழுதுபவள் என்றும் சொல்வார்கள் என்று படித்தபோது எனக்கு அந்த நோட்டுதான் ஞாபகம் வந்தது.

இன்னொரு விஷயம். இந்தக் கதை எழுதின பலகைகள் பல, நிப்பூர் என்ற ஊரைத் தோண்டும்போது துண்டு துண்டாகக் கிடைத்தவை. அதில் ஒரே பலகையின் ஒரு பாதி துருக்கியின் இஸ்தான்புல்லிலும் மறு பாதி அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் போய்ச் சேர்ந்தது. சாமுவேல் நோவா கிரேமர் போன்ற அறிஞர்கள் இப்படிப்பட்ட துண்டுகளை வருஷக்கணக்காகப் பொருத்திப் பார்த்துத்தான் கதையைப் படித்தார்கள். இனன்னா துமுசியை மீட்கத்தான் பாதாளத்துக்குப் போனாள் என்று அதுவரை நினைத்திருந்தார்களாம். படித்துப் பார்த்தால் அவனை உள்ளே அனுப்பினதே அவள்தான்!

துமுசியின் பெயர் பிற்காலத்தில் தம்முஸ் ஆனது. ஈராக்கில் ஜூலை மாதத்துக்கு இன்றும் அந்தப் பெயர்தான். மீதிப் பாதியைச் சுமந்தவள் பெயரில் அந்த நாட்காட்டியில் மாதம் எதுவும் இல்லை. அதனால்தான் இந்தத் தாளில் அவள் பெயரைப் பெரிய எழுத்தில், சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை நான் ஏன் வருவதில்லை என்று கேட்டவர்களுக்கும் இதுதான் பதில். அன்றைக்கு நடத்தின கணக்கு நோட்டை யாராவது சனிக்கிழமை கொடுத்தால், திங்கட்கிழமை காலை பிரேயருக்கு முன்னாடி திருப்பித் தந்துவிடுவேன்.

- பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்