லான்செஸ்டன் பள்ளத்தாக்கின் புகை

ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியத் தீவில், டேமார் பள்ளத்தாக்கில் அமைந்த லான்செஸ்டன் நகரில், குளிர்கால இரவுகளில் கனத்த குளிர்காற்று தரையோடு தங்க, அதன்மேல் வெப்பமான காற்றடுக்கு மூடிபோல் கவிந்துகொள்ளும் 'வெப்பத் தலைகீழ்நிலை' உருவாவதால், வீட்டு விறகுக் கணப்புகளின் புகை கலைய வழியின்றி மக்கள் மூச்சுவிடும் உயரத்திலேயே தேங்கிவந்தது. 2001-இல் தொடங்கிய அரசுத் திட்டம், கணப்பைக் கைவிட்டு மின்சாரச் சூடேற்றிக்கு மாறிய குடும்பங்களுக்கு உதவித்தொகை அளித்தது. விறகால் வீட்டைச் சூடாக்கிய குடும்பங்கள் 66 விழுக்காட்டிலிருந்து 30 விழுக்காடாகக் குறைந்தன. 10 மைக்ரானுக்கு மேற்படாத விட்டமுடைய நுண்துகள்களின் குளிர்காலச் சராசரியும் ஒரு கனமீட்டருக்கு 44 மைக்ரோகிராமிலிருந்து 27 ஆக இறங்கியது. 2013-இல் வெளியான ஆய்வொன்று, புகை குறைந்த ஆண்டுகளில், குறிப்பாக ஆண்களிடையே, இறப்பு விகிதமும் குறைந்திருந்ததைப் பதிவுசெய்தது.

விறகு இயற்கையானது, ஆகவே தீங்கற்றது என்னும் நம்பிக்கையே இம்மாற்றத்துக்குப் பெருந்தடை. நுரையீரலின் ஆழம்வரை செல்லும் துகளுக்கு அது எதிலிருந்து பிறந்தது என்பது பொருட்டன்று. கணப்பை உடனே மாற்ற இயலாத குடும்பங்களும் செய்யத்தக்கவை உண்டு. ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழிறங்கும்வரை பிளந்து உலர்த்திய விறகையே எரிப்பது அவற்றுள் முதன்மையானது, ஏனெனில் ஈரவிறகின் வெப்பம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகி, எரிதல் முழுமையடையாமல் புகை பெருகுகிறது. இரவு முழுதும் கனல வேண்டுமெனக் காற்றுவழியை அடைத்துவைக்கும் வழக்கமும், வண்ணம் பூசிய பழைய மரத்தை எரிப்பதும் விடப்பட வேண்டியவை.